வெறுங்கையோடு திரும்புகிறவர்

கணுக்கால் பிசகிப் பல வாரங்கள் ஓரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கபடிக் களத்துக்கு மீண்டிருக்கும் அந்த ரைடரைப் பற்றி, மனிதர் பயந்துவிட்டார் என்று ரசிகர்களில் பெரும்பாலோர் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். எதிரே ஆறு பேருக்குக் குறையாமல் நிற்க, பாக் கோட்டைத் தாண்டிய பிறகும் இன்னும் ஒரே மீட்டரில் கிடக்கும் போனஸ் கோட்டைத் தொடாமல் அவர் திரும்பிவிடுவதைக் காண்கிறவர்களுக்கு அப்படித் தோன்றுவது சகஜமே என்றாலும், என் அபிப்பிராயத்தில் இந்தப் பருவத்தின் மிக விவேகமான ஆட்டம் அதுதான். (அவர் நம் அணிக்காரர் என்பதற்காகச் சொல்லவில்லை, அதற்காகவும் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.)

போனஸ் எடுப்பவர் முன்காலைக் கோட்டுக்கு அப்பால் ஊன்றும்போது பின்கால் தரையில் படாமல் அந்தரத்தில் இருக்க வேண்டுமென்பது விதி. ஆகவே அந்தக் கணத்தில் சரீரத்தின் பாரம் முழுவதும் ஒரே கணுக்காலில் இறங்க, மறுகணமே அதே காலை உதைத்துப் பின்வாங்க வேண்டியிருக்கிறது. எதிராளியின் பாதத்தின்மேல் மிதித்து உட்புறமாக மடங்கிய காலில் வெளிப்பக்கத் தசைநார்தான் கிழிகிறது. அது ஒட்டி, வீக்கம் வடிந்து, நேராக ஓடவும் முடிகிறபோது குணமாகிவிட்டது என்று நினைப்பது பிரமை, ஏனெனில் பாதம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வு அதற்கும் பிறகே, மெல்ல மெல்லத் திரும்புகிறது. ஆட்டத்துக்கு முன் மேட்டின் விளிம்பில், பட்டை சுற்றிய வலக்காலில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அவர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது தியானமன்று, அந்த உணர்வுக்கான அப்பியாசம்.

இன்னும் கூர்ந்து கவனித்தால், போனஸை அவர் ஒரேயடியாகத் துறந்துவிடவில்லை என்பதும் புலப்படும். இடக்கால் முன்னே விழும் கோணம் வாய்த்தால் தயங்காமல் எடுக்கிறார். வலக்காலை ஊன்ற நேர்ந்தால் மட்டுமே வெறுங்கையோடு திரும்புகிறார். இரண்டு வெறும் ரைடுகளுக்குப் பின் வரும் மூன்றாவதில் புள்ளி எடுத்தே தீரவேண்டிய நிர்ப்பந்தம் வேறொருவர் தலையில் விழுகிறது என்ற புகார் நியாயமானதே. ஆனால் பாதியில் காலை மறுபடி இழந்து பருவம் முழுவதும் வெளியே உட்காருகிறவரால் அணிக்கு என்ன லாபம்?

கணுக்கால் பிடியில் கைதேர்ந்த கார்னர்கள் இந்தக் கணக்கை விரைவில் கண்டுபிடித்து, வலக்காலையே ஊன்றும்படி அவரை ஒதுக்கப் பார்ப்பார்கள். பருவத்தின் கடைசிப் பகுதியில், நம் அணி முன்னிலையில் இருக்கும் ஏதேனும் ஓர் ஆட்டத்தில், அவர் தாமாகவே வலக்காலை அந்தக் கோட்டுக்கு அப்பால் வைப்பார் என்பது என் ஜோசியம். அதுவரை மூன்றாவது ரைடுக்கு அவரைத் தள்ளாதிருக்கும்படி பயிற்சியாளரையும், அதற்காகக் கூச்சலிடாதிருக்கும்படி கேலரியையும் கேட்டுக்கொள்கிறேன்.