ஒலி கிருமியைக் கொல்லுமா?

செவியுணரா ஒலியால் பல்லைச் சுத்தம் செய்தால் ஈறுநோய்க் கிருமிகள் மடிந்துவிடும் என்று சிலர் கூறக் கேட்டிருப்பீர்கள். இக்கூற்று எவ்வளவு உண்மை?

இவ்வொலியால் பற்காரையை அகற்றலாம் என 1955-இல் ஸின்னர் என்பவர் எடுத்துக்காட்டினார். கருவியின் நுனி விநாடிக்குச் சுமார் 25,000 தடவைக்கு மேல் அதிர்கிறது. நம் செவிக்கு எட்டும் எல்லையோ 20,000. நுனி சூடேறாதிருக்கப் பாய்ச்சும் நீரில் நுண்குமிழிகள் தோன்றி உடைகின்றன. கோவையில் பம்பு செய்வோர் இதை நன்கறிவர். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் மிகக் குறைந்தால் இத்தகைய குமிழிகளே இம்பெல்லரை அரிக்கின்றன. இரும்பையே அரிக்கும் குமிழி கிருமியை விட்டுவைக்குமா என்று எண்ணுவது இயல்பே.

ஆனால் சோதனை தந்த விடை வேறு. ஈறுநோய் தொடர்பான இருவகைப் பாக்டீரியாக்களின்மீது ஆய்வகத்தில் இக்கருவியை இயக்கிப் பார்த்தனர். அவற்றைக் கொல்லும் ஆற்றல் அதற்கு இல்லை என 2000-இல் வெளியான அவ்வாய்வு காட்டியது.

அப்படியானால் கருவி வீணா? இல்லை. அது கிருமியைக் கொல்வதில்லை. கிருமி குடியிருக்கும் காரையையும் படலத்தையும் பெயர்க்கிறது, நீர் கழுவிச் செல்கிறது. ஈற்றின் வீக்கமும் இரத்தக் கசிவும் தணிகின்றன. கைக்கருவியாலும் ஏறக்குறைய இதே பலன் கிட்டும், நேரந்தான் கூடுதலாகும்.

சுத்தம் செய்த சில மணி நேரத்திலேயே புதுப் படலம் படியத் தொடங்குகிறது. "மெஷின் வைத்தாயிற்று" என்று பல் துலக்குவதில் அசட்டையாக இருந்தால், ஈற்றுக்கடியில் எலும்பு வலியின்றியே கரையும், பல் ஆடும். கரைந்த எலும்பு தானாக வளர்வது அரிது. ஆகவே காலையும் இரவும் ஈற்றோரத்தை மென்மையாகத் துலக்குங்கள்.