எழுத்துநிலைச் சுவர்கள்

சென்னைக்குப் போய்வருகிற நண்பர்கள் இப்போதெல்லாம் ஒரு சேதியைத் தவறாமல் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் தெருவோவியம் 2020-இல், கண்ணகி நகரில் பிறந்ததாம். பத்திரிகைகளும் ஏறக்குறைய அப்படித்தான் எழுதின. டெல்லி லோதி காலனிச் சுவர்களுக்கு வண்ணம் கொடுத்த ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, ஏசியன் பெயின்ட்ஸ், சென்னை மாநகராட்சி எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. 'சென்னையின் முதல் கலை வட்டாரம்' என்ற பட்டமும் சேர்ந்தே வந்தது. அதற்கு முன்னால் நம் சுவர்கள் ஊமையாக நின்றன என்பது இந்தப் பேச்சின் உட்பொருள்.

இதைக் கேட்கும்போதெல்லாம் சங்கரன்கோவிலில், கழுகுமலைச் சாலையில் உள்ள ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கியின் பக்கச்சுவர் என் கண்முன் வந்து நிற்கும். மழைக்குப் பூச்சு உரிந்து, மூன்று காலம் ஒன்றாகத் தெரிகிற சுவர். மேலே சிமென்ட் விளம்பரத்தின் மஞ்சள். அது உதிர்ந்த இடத்தில் இரட்டை இலையில் ஓர் இலை. அதற்கும் அடியில், சுண்ணாம்பு வெள்ளைமேல் நீலத்தில் 'விலை' என்று ஒரு சொல். அந்த 'லை' இன்றைய 'லை' அல்ல. யானைத் தும்பிக்கை மாதிரி தலைக்கு மேல் வளைந்த பழைய எழுத்து. 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்குவதற்கு முன்பு நாம் எழுதிய தமிழ். இந்த ஒரு சுவரின் வரலாற்றை எழுத ஆள் இல்லாததால்தான், 2020-இல் பிறந்த பிள்ளையை மூத்த பிள்ளை என்று சொல்ல முடிகிறது.

பழைய கதை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான், வேகமாகக் கடந்துவிடலாம். பரிபாடல் காட்டும் திருப்பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபம்: இரதியும் காமனும் ஒரு பக்கம், பூனையாய் நழுவும் இந்திரனும் அகலிகையும் கௌதமனும் ஒரு பக்கம், மலைக்கு வந்தவர்கள் படங்களைக் காட்டி இது யார், அது யார் என்று கேட்டும் சொல்லியும் நகர்கிறார்கள். பிறகு சித்தன்னவாசலின் தாமரைக்குளம். 1931-இல் எஸ்.கே.கோவிந்தசாமி தஞ்சைப் பெரியகோயிலில் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் கண்டெடுத்த சோழர் ஓவியங்கள். எங்கள் பக்கத்தில் என்றால், கடையநல்லூரை ஒட்டிய திருமலாபுரம் குடைவரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாண்டியர் வண்ணம், குற்றாலத்துச் சித்திரசபை, திருப்புடைமருதூர்க் கோபுரத்தின் உள்தளங்களில் குதிரைகளை ஏற்றிவரும் கப்பல்.

இவற்றிலிருந்து ஒரு சொல்லை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு மேலே போகிறேன். பரிபாடல் மண்டபத்தின் பெயரில் உள்ள 'எழுத்து' ஓவியத்தைக் குறிக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்குச் சற்றுக் குறைவான அந்த வழக்கு எங்கள் ஊரில் இன்னும் சாகவில்லை. கடைக்குப் பெயர்ப்பலகை செய்கிறவரை 'போர்டு எழுதுறவர்' என்றுதான் சொல்கிறோம். நாடகத் திரைச்சீலையில் அரண்மனையும் காடும் தீட்டியவரை 'சீன் எழுதினவர்' என்பார்கள். 'வரைவது' பள்ளிக்கூடத்து டிராயிங் நோட்டில்தான் நடக்கும். சுவரில் நடப்பது எழுதுவது. படமும் சொல்லும் ஒரே கையின் வேலை என்று நினைத்த சமூகத்தின் தெருக்கலையைப் படத்தை மட்டும் வைத்து அளப்பது எப்படிச் சரியாகும்?

சீன் எழுதியவர்களில் பெரியவர் சி.கொண்டையராஜு. 1898-இல் மயிலாப்பூரில் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தவர், நாடகக் கம்பெனியோடு ஊர் ஊராகப் போனவர். 1940-களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். கழுகுமலையைத் தாண்டினால் கோவில்பட்டி. எங்களுக்கு அது அடுத்த வீடு மாதிரி. அவரும் அவருடைய சீடர்களும் எழுதிய தெய்வங்கள்தான் சிவகாசி அச்சகங்கள் வழியாக நாடு முழுவதும் காலண்டராகப் போயின. 1976-இல் அவர் மறைந்தார். காலண்டர் படங்களைப் பற்றி இப்போதாவது புத்தகங்கள் வருகின்றன. அந்தக் கூடாரத்தின் நிழலில் தொழில் கற்று, கரிசல் ஊர்களின் சுவர்களில் பரவிய கைகளைப் பற்றி ஒரு கட்டுரை உண்டா?

நவீன காலத்தில் நம் தெருவின் முதல் கிராஃபிட்டி எது என்று கேட்டால், நான் 1952 ஆகஸ்ட் 1-ஐச் சொல்வேன். பெரியாரின் அழைப்பை ஏற்று, தொண்டர்கள் ரயில் நிலையப் பெயர்ப்பலகைகளில் இருந்த இந்தி எழுத்துகளைத் தாரால் மெழுகினார்கள். மறு ஆண்டு ஜூலையில், டால்மியாபுரம் நிலையத்தில் மு.கருணாநிதி தலைமையில் போனவர்கள், அந்தப் பெயரை மறைத்துக் 'கல்லக்குடி' என்று எழுதிய தாளை ஒட்டினார்கள். ஆள்கிறவர் எழுதிவைத்த எழுத்தின்மேல் ஆளப்படுகிறவர் தன் எழுத்தை ஏற்றுவது என்பதைவிட கிராஃபிட்டிக்கு நேரான விளக்கம் என்னிடம் இல்லை. நியூயார்க் இளைஞர்கள் சுரங்க ரயில் பெட்டிகளில் தங்கள் பெயரை எழுதியதை உலகம் வியந்து பார்த்தது 1970-களில். இங்கே தார்ச் சட்டி இருபது வருடம் முந்திக்கொண்டது. பொது இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்க 1959-இல் தனிச் சட்டமே போட்டார்கள் என்றால், சுவரில் எத்தனை கைகள் புழங்கியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

நான் மனம்விட்டு நேசிக்கிற காலம் அதற்கு அடுத்தது. அறுபதுகளில் தொடங்கித் தொண்ணூறுகள் வரைக்கும். எழுத்து தெரியாத வாக்காளருக்குச் சின்னம், தெரிந்தவருக்குப் பெயர். ஒரே சுவரில் இரண்டையும் இணைத்தாக வேண்டிய நெருக்கடி அந்தத் தலைமுறைப் பெயிண்டர்களைக் கலைஞர்களாக்கியது. உதயசூரியனுக்கு இரண்டு மலைகளையும் கதிர்களையும் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் இரட்டை இலை வந்தது. அகலத் தூரிகையை ஒரு அழுத்து, ஒரு திருப்பு. ஓர் இலை முடிந்தது. நரம்புக்கு மட்டும் மெல்லிய தூரிகை. தேர்தல் இல்லாத மாதங்களில் அதே கை பல்பொடிக்கும் உரத்துக்கும் பம்புசெட்டுக்கும் எழுதியது. கொடைக்குக் கோயில் முகப்பில் சுடலைமாடனுக்கு மீசை எழுதியதும் அந்தக் கைதான்.

எப்படி எழுதினார்கள் என்பதைக் கிட்டத்தில் நின்று பார்த்தவன் நான். சுவரைத் தண்ணீர் தெளித்து நனைப்பார்கள். நீர்த்த சுண்ணாம்பில் துளி நீலமும் வஜ்ரப் பசையும் கலந்து, மட்டையால் இரண்டு கை அடிப்பார்கள். காய்ந்ததும் நீலப்பொடியில் புரட்டிய நூலை இரண்டு பேர் இழுத்துப் பிடிக்க, நடுவில் ஒருவர் சுண்டுவார். சுவரில் வானத்து ரேகை மாதிரி ஒரு கோடு விழும். இதற்கு 'நூல் அடிக்கிறது' என்று பெயர். வித்தை அதற்கப்புறம்தான். ஆங்கில எழுத்துக்கு அகலம் ஓரளவு ஒரே சீர். தமிழில் 'ர' ஒல்லி. 'ணை' ஓர் ஆள் படுக்கிற இடம் கேட்கும். ஈகாரக் கொக்கி மேலே ஏறும், உகரச் சுழி கீழே இறங்கும். அதனால் நல்ல பெயிண்டர் இடமிருந்து வலமாகப் போக மாட்டார். முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் கரியால் குறித்துக்கொண்டு, நடுவைப் பிடித்து, இருபுறமும் நிரப்பிக்கொண்டு வருவார். பிறகுதான் நிழல்: சிவப்புக்குக் கருப்பு, நீலத்துக்கு வெள்ளை, எல்லா எழுத்துக்கும் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து. 1978 ஆணைக்குப் பிறகும் பல வருடம் தன் குரு அந்தத் தும்பிக்கை 'லை'யை விடவில்லை என்று ஒரு முதிய பெயிண்டர் என்னிடம் சொன்னார். புது எழுத்துக்கு இரண்டு கொம்பு கூடுதலாக வேண்டும், பெயர் சுவருக்குள் அடங்கவில்லை என்பது குருவின் வாதம். எழுத்துச் சீர்திருத்த விவாதத்தில் இப்படி ஒரு வாதத்தை எந்தப் புலவரும் வைத்ததாக நான் படித்ததில்லை.

இதே வருடங்களில் சென்னை நவீன ஓவியமும் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தது. கே.சி.எஸ்.பணிக்கர் 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை வரைந்தார். படிக்க முடியாத எழுத்துகளும் ஜாதகக் கட்டம் மாதிரியான கோடுகளும் நிறைந்த அந்தக் கித்தான்கள் மகத்தானவை. 1966-இல் சோழமண்டலம் எழுந்தது. கே.எம்.ஆதிமூலம் நூல் தலைப்புகளிலும் சிற்றிதழ்களிலும் தமிழ் எழுத்துக்குப் புது உடம்பு கொடுத்தார். இவர்களைப் பற்றி எழுதிய விமர்சகர்கள், கண்காட்சிக் கூடத்திலிருந்து வெளியே வந்து பேருந்து ஏறும் வழியில் எத்தனை சுவர்களைக் கடந்திருப்பார்கள்! கித்தானில் எழுத்து ஏறினால் தேடல், சுண்ணாம்பில் ஏறினால் கூலி வேலை என்று அவர்கள் பிரித்துவைத்த பிரிவைத்தான் இன்றைய மோஸ்தரும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் ஃபிளெக்ஸ் வந்தது. இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டுக்குள் கட்-அவுட்டையும் பேனரையும் அது விழுங்கித் தீர்த்தது. 2006 சட்டமன்றத் தேர்தலில் தேர்தல் ஆணையத்தின் கெடுபிடி சுவரையும் பூட்டியது. 2012 மார்ச்சில் சங்கரன்கோவிலுக்கு இடைத்தேர்தல் வந்தபோது அமைச்சர்கள் படையே ஊருக்குள் முகாமிட்டிருந்தது. ரதவீதி முனைகளில் அடையாளம் தெரியாத அளவுக்கு வெளுத்த முகங்கள் தொங்கின. அதில் ஒன்றுகூடக் கையால் எழுதியது இல்லை. பெயிண்டர்களில் சிலர் வீட்டுக்கு டிஸ்டம்பர் அடிக்கப் போனார்கள். சிலர் விசைத்தறிக்குப் போனார்கள். தறிச் சத்தத்தில் காது போனாலும் வாரக்கூலி வரும்.

இந்த இடைவெளியில்தான் 'அழகுபடுத்துதல்' நுழைந்தது. 2009, 2010 வாக்கில் சென்னை மாநகராட்சி, போஸ்டர் ஒட்டுவதைத் தடுக்க அண்ணா சாலைச் சுவர்களில் ஓவியம் தீட்ட வைத்தது. ஜே.பி.கிருஷ்ணா முதலான பேனர் ஓவியர்கள் அழைக்கப்பட்டார்கள் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். வேலையற்று நின்ற கைக்கு வேலை கிடைத்தது. ஆனால் கேட்டது கோயில், நாட்டியம், மாமல்லபுரம். எழுத்து வேண்டாம், ஏனென்றால் எழுத்து என்றாலே கட்சி என்று பயம். அந்தப் பயம் பிறகு மேம்பாலத் தூண்கள்வரை தொற்றிக்கொண்டது. இன்று எந்த ஊர் பாலத்தடியில் பார்த்தாலும் அதே திமிறும் காளை, அதே ஏர் உழவர், அதே பாரதி மீசை. எந்த ஊரில் நிற்கிறோம் என்று அந்தச் சுவர் சொல்லாது. தெருவில் இருப்பதாலேயே ஒன்று தெருவின் கலை ஆகிவிடுமா?

கண்ணகி நகர் அந்தச் சோர்வான வேலையைவிட எவ்வளவோ உயரம். தெருவோவியர் ஏ-கில் எழுதும் பெரிய முகங்களின் முன்னால் நான் நீண்ட நேரம் நின்றிருக்கிறேன். இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தில் அவர் பிறரோடு சேர்ந்து செய்த முகங்களும் அப்படித்தான்: கண்ணின் ஈரம்வரை தெரியும் தேர்ச்சி. என் மனக்குறை வேறு. 2000-க்குப் பிறகு சென்னையின் நடுவிலிருந்த குடிசைப் பகுதிகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடியேற்றப்பட்டவர்களின் ஊர் அது. எங்கிருந்து வந்தோம், எந்த ஆற்றங்கரையை விட்டு வந்தோம் என்று சொல்ல அந்த மக்களிடம் சொற்கள் நிறைய உண்டு. சுவர்களில் முகங்கள் பேசுகின்றன, சொற்களுக்குத்தான் பஞ்சம். பினாங்கு ஜார்ஜ் டவுனில் 2012-இல் எர்னஸ்ட் சகாரெவிச் சைக்கிள் பிள்ளைகளை எழுதியதிலிருந்து, ஆசிய நகரங்களுக்கெல்லாம் புகைப்படத்தில் நன்றாக விழும் சுவர்மேல் ஒரு மோகம். அந்தச் சுவரைப் பார்க்க ஒருவர் வெளியூரிலிருந்து வர வேண்டும். போர்டு எழுதுகிறவரின் சுவரோ பால் வாங்கப் போகிறவருக்காக எழுதப்பட்டது.

ஆகவே அடுத்த சுவர் எழுத்திலிருந்து தொடங்கட்டும் என்கிறேன். நகராட்சிகள் தூணுக்கு வண்ணம் கொடுக்கும்போது, உள்ளூரில் மிச்சமிருக்கும் போர்டு எழுதுகிறவரைக் கூப்பிட்டுத் தலைமை வேலையைக் கொடுக்கட்டும். ஸ்பிரே டப்பா பிடிக்கிற இளைஞர்கள் அவரிடம் போய் நூல் அடிக்கக் கற்கட்டும். 'ஞ'வின் வயிற்றையும் 'ழ'வின் வாலையும் பத்தடி உயரத்தில் எப்படி நிறுத்துவது என்று கேட்கட்டும். சங்கரன்கோவில் சுவரில் தறியின் பாகங்களுடைய பெயர்கள் ஏறலாம். மண்ணோடு போன குளங்களின் பெயர்கள் ஏறலாம். 2019-இல் தென்காசி தனி மாவட்டமானபோது பலகைகளில் 'திருநெல்வேலி மா.' அழிந்தது, அழித்து எழுதிய அந்தக் கைகளைத் தேடிப் பிடித்துப் பேட்டி காண ஒரு மாணவர் போதும். உரிந்த சுவர்களை இடிப்பதற்கு முன்பு அடுக்கடுக்காகப் படம் எடுக்க ஒரு கைபேசி போதும். இதைச் சொல்லி ஒரு பள்ளிக்கூடத்தில் கெஞ்சிக்கூடப் பார்த்தேன். அவர்களுடைய சுற்றுச்சுவரில் நாற்பது வருடத்து எழுத்து இருந்தது. மறு மாதம் போனபோது அதன்மேல் ஒரு கார்ட்டூன் யானை சிரித்துக்கொண்டிருந்தது.

போன ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தைய வாரம், தெற்கு ரதவீதியில் ஒரு பாத்திரக்கடைச் சுவரில் அந்த முதிய பெயிண்டரைப் பார்த்தேன். ஃபிளெக்ஸ் காற்றுக்குக் கிழிகிறது என்று கடைக்காரர் இவரைத் தேடிப் போயிருக்கிறார். 'கோமதி அம்மன் துணை' என்று எழுத வேண்டும். முதல் 'கோ'வும் கடைசி 'ணை'யும் கரியில் நின்றன, நடுவில் வெறும் வெள்ளை. பெண்கள் புற்றுமண் பொட்டோடு கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் நின்று, "தாத்தா, நடுவுல காணோம்" என்றாள். "வரும், வரும்" என்று சொல்லிவிட்டு அவர் சாலையைக் கடந்து எதிர்த் திண்ணைக்குப் போனார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுவரையே பார்த்தார். திரும்பி வந்து, 'ணை'யை ஈரத்துணியால் துடைத்து, இரண்டு விரற்கடை வலது பக்கம் தள்ளி மறுபடி எழுதினார்.