லினக்ஸ் வந்தது, ஆள் வரவில்லை

2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-ஐக் கைகழுவியது. அன்று முதல் லினக்ஸ் ஆர்வலர்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினியைக் காயலான் கடையில் போடாதீர்கள், உபுண்டு, மின்ட் என்று ஏதாவதொரு லினக்ஸ் போடுங்கள், காலணா செலவில்லை என்கிறார்கள். எங்கள் பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கத்துத் தோல் பதனிடும் டேனரி அலுவலகங்களுக்கும் இந்த உபதேசம் வந்து சேர்ந்துவிட்டது.

லினக்ஸ் நல்ல பொருள்தான். பழைய கணினியிலும் ஓடும், பென்டிரைவ் வைரஸுக்கு எளிதில் மடங்காது, தமிழ்99 விசைப்பலகையும் கூடவே வரும். இதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை அந்தக் ‘காலணா செலவில்லை’ என்பதோடு. எங்கள் பக்கத்தில் விண்டோஸுக்கு முறையாகப் பணம் கட்டியவர்கள் எத்தனை பேர்? சர்வீஸ் கடைப் பையன் கிராக் செய்த நகலைப் போட்டுவிட்டு, போட்ட கூலியை வாங்கிக்கொண்டு போகிறான். அது குற்றம், அதில் மறுபேச்சில்லை. ஆனால் முதலாளி கணக்கில் இரண்டுமே இலவசம். வித்தியாசம் ஒன்றுதான்: விண்டோஸ் படுத்தால் அந்தப் பையன் அரை மணியில் பைக்கில் வந்து நிற்பான். லினக்ஸ் படுத்தால் யார் வருவார்?

கணக்குப்பிள்ளையின் மேஜையைப் பாருங்கள். திரையில் டேலி என்ற கணக்கு மென்பொருள், அது விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. பக்கத்தில் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். அதற்கு லினக்ஸ் டிரைவர் உண்டு, ஆனால் கருப்புத் திரையில் கட்டளை அடித்து நிறுவத் தெரிந்த கை வேண்டும். கீழே, ஒவ்வொரு தோலையும் சதுர அடியில் அளந்து சீட்டு அச்சிடும் இயந்திரத்தோடு ஒரு கணினி. அதன் மென்பொருள் இயந்திரம் விற்றவர் கொடுத்தது. மாதம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி 3பி தாக்கல் செய்யவேண்டும். 19-ஆம் தேதி இரவு டோக்கன் வேலை செய்யாவிட்டால் இணையத்தில் தேடிக்கொள் என்று பதில் சொன்னால் போதுமா? இதற்கெல்லாம் தீர்வு இருக்கிறது, தெரியாதா என்று ஆர்வலர்கள் கோபிப்பார்கள். தீர்வு இருக்கிறது, ஐயா. தீர்த்துவைக்கிற ஆள்தான் பேரணாம்பட்டில் இல்லை.

ஆளைத் தயார் செய்யாமல் லினக்ஸைப் புகுத்தும் தவறை அரசே இரண்டு முறை செய்து காட்டியது. ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் தமிழக அரசின் எல்காட் நிறுவனத்துக்கு நிர்வாக இயக்குநராக இருந்தபோது அங்கே சூசே லினக்ஸை முனைந்து புகுத்தினார். அவர் மாற்றலானதும் வேகம் குறைந்தது. ஓர் அதிகாரியின் பிடிவாதத்தை நம்பி நிற்கும் திட்டத்துக்கு அவருடைய மாற்றல் உத்தரவே முடிவுரை. அடுத்து 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம். விண்டோஸ் 7-உடன் மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள். ஆசிரியருக்கே தெரியாததை மாணவன் யாரிடம் கேட்பான்? பல பிள்ளைகள் அதைத் திறக்கவே இல்லை. படம் வைக்க இடம் வேண்டுமென்று கடையில் கொடுத்து அழித்தவர்களும் உண்டு. டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் மக்கள் மாறிவிடுவார்கள் என்று நினைத்த அந்த மூளையைத்தான் நான் வெகுநாளாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

கேரளத்திலோ அரசின் ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. பள்ளிக்கொரு ஒருங்கிணைப்பாளரை வைத்தது, தேர்வையும் லினக்ஸிலேயே நடத்தியது. அங்கே நிலைத்தது, இங்கே நிலைக்கவில்லை. இரண்டு இடத்திலும் மென்பொருளுக்கு விலை ஒன்றேதான்.

காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. ‘கணியம்’ மின்னிதழ் 2012 முதல் இதையெல்லாம் தமிழில் எழுதி வருகிறது. அவர்கள் உழைப்பைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அது தொண்டு. தொண்டரை நம்பி ஏற்றுமதிக் கம்பெனியின் தாக்கல் நாளை ஒப்படைக்க முடியாது. அப்படி ஒப்படைக்கச் சொல்வது அந்தத் தொண்டருக்கும் கொடுமை.

எனவே டேனரி முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. பிரவுசரும் மின்னஞ்சலும் மட்டும் ஓடும் கணினியில் தாராளமாக லினக்ஸ் போடுங்கள். டேலி கணினியைத் தொடாதீர்கள். ஆர்வலர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை பேரணாம்பட்டுக்கு வரும்போது நிறுவும் பென்டிரைவோடு நிறுத்தாமல், இங்குள்ள சர்வீஸ் கடைப் பையன்கள் நாலு பேருக்குப் பாடம் நடத்திவிட்டுப் போங்கள். கூலி வாங்கிக்கொண்டு லினக்ஸைச் சரிசெய்யத் தெரிந்த நாலு பேர் இந்த ஊரில் இருக்கட்டும், பிறகு முதலாளிகளிடம் நானே வந்து சிபாரிசு செய்கிறேன்.