தலைக்கு மேல் சூரியன்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போன மறுநாள் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் பேனல். கீழே, கையில் விசிறியுடன் நண்பர். ''வெயில் அடிக்குது, ஃபேன் சுத்தலை. நல்லா ஏமாத்திட்டான் சார்!'' என்று பேனல் மாட்டியவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

ஏமாற்றவில்லை. மின்வாரிய லைனுடன் இணைத்த சாதாரண சோலார் இன்வர்ட்டர், வெளியே கரண்ட் போன சில விநாடிகளில் தானும் நின்றுவிடும். நிற்காவிட்டால் உங்கள் மாடி மின்சாரம் கம்பி வழியே திரும்பிப் போய், போஸ்ட்டில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிரை வாங்கலாம். புயலுக்கும் ராத்திரிக்கும் வேண்டுமென்றால் பாட்டரியும் அதற்கேற்ற இன்வர்ட்டரும் வேண்டும். விற்பவர் இதைச் சொல்வதில்லை. மானியக் கணக்குப் போடும் நாமும் கேட்பதில்லை.

க்ளவுட் சமாசாரமும் இதே ஜாதி. பெயரே பாதி ஏமாற்று. மேகமாவது கீகமாவது! யாரோ ஒருவர் கட்டடத்தில் இருக்கும் யாரோ ஒருவர் கம்ப்யூட்டர், அவ்வளவுதான். கட்டடம் என்றால் தீப்பிடிக்கும். தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசு டேட்டா சென்டரில் 2025 செப்டம்பர் 26 அன்று பிடித்தது. லித்தியம் பாட்டரியின் உபயம். அரசு ஊழியர்களுக்குத் தலா 30 ஜிபி கொடுத்து, ஃபைல்களைப் போட்டுவைக்கச் சொன்ன 'ஜி-டிரைவ்' சாம்பல். மொத்தம் 858 டெராபைட். வெளியே வேறு காப்பி கிடையாது. அளவு ரொம்பப் பெரிசாம், அதனால் எடுக்கவில்லையாம்!

மாறாக, ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதி. 2024 மே மாதம் கூகுள் க்ளவுடில் நேர்ந்த ஒரு பிசகில் அவர்கள் பிரைவேட் க்ளவுடே அழிந்தது. இரண்டு இடங்களில் வைத்திருந்தும் இரண்டும் போச்சு. வேறொரு கம்பெனியிடமும் ஒரு காப்பி வைத்திருந்த புண்ணியவான்களால் பிழைத்தார்கள்.

டெக்னாலஜியை நம்பாதே என்று சொல்கிற கட்சி இல்லை நான். தாராளமாக நம்புங்கள். எங்கே கைவிடும் என்று தெரிந்துகொண்டு நம்புங்கள். கம்ப்யூட்டர்காரர்களின் 3-2-1 விதி எளிமையானது: மூன்று காப்பி, இரண்டு வித சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே. இன்னொன்று: 'ஸிங்க்' ஆகிறது என்பதால் பத்திரம் என்று நினைக்காதீர்கள். அது காப்பி இல்லை, கண்ணாடி. போனில் தவறிப்போய் அழித்தால் அங்கேயும் அழியும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வைஃபை, போன் டேட்டா இரண்டையும் அணைத்துவிட்டு, கல்யாண போட்டோக்களைத் தேடிப் பாருங்கள். எத்தனை உங்கள் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

நண்பர் இப்போது பாட்டரி வாங்கிவிட்டார். அடுத்த புயலுக்கு ரெடி. ''பேத்தி போட்டோவெல்லாம் எங்கே சார் வெச்சிருக்கீங்க?'' என்று கேட்டேன். நிம்மதியாகச் சிரித்து, வானத்தைக் காட்டினார்.