வசனத்தை யார் நம்புவது? மர்மத் தொடர்களும் ரசிகர் வாசிப்பும்

1967இல் பிரிட்டனின் ஐடிவியில் தொடங்கிய ‘தி பிரிசனர்’ தொடரின் முகப்பில், அநேகமாக வாரந்தோறும், ஒரு கேள்வி பதில் வரும். அரசின் ரகசிய வேலையை உதறிவிட்டு வந்த ஒருவனைக் கடத்தி, பெயரைப் பறித்து, ‘ஆறாம் எண்’ ஆக்கிவிடுகிறார்கள். முதலாம் எண் யார் என்று கேட்கிறான். “நீ ஆறாம் எண்” என்கிறது பதில். கேட்டதற்குப் பிடிகொடுக்காத பேச்சு என்றே தோன்றும். ஆனால் அந்த ஆங்கில வாக்கியத்தின் நடுவில் ஒரு காற்புள்ளியை வைத்துக் கேட்டால், “நீதான், ஆறாம் எண்ணே” என்று பொருள் புரள்கிறது. 1968இல் வந்த 17ஆவது, கடைசி அத்தியாயத்தில் முதலாம் எண்ணின் முகமூடியைக் கழற்றினால் உள்ளே குரங்கு முகமூடி. அதையும் கழற்றினால் நாயகனின் முகம். எழுதி, இயக்கி, நடித்த பேட்ரிக் மக்கூகன் அந்த அத்தியாயத்துக்குள் மேற்கொண்டு எதையும் அவிழ்க்கவில்லை. காற்புள்ளி வழக்கு இன்றும் நடக்கிறது.

இத்தகைய வழக்குகளை ஆய்வுப்பொருளாக்கியவர்களில் முன்னோடி ஹென்றி ஜென்கின்ஸ். டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்டும் படைத்த ‘ட்வின் பீக்ஸ்’ (1990–91) ரசிகர்களைப் பற்றி 1995இல் வெளியான கட்டுரையில், வீடியோ கேசட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஒவ்வொரு சொல்லையும் அவர்கள் துருவியதைக் காட்டினார். அந்த உழைப்புக்கு அடியில் இருந்தது ஒரு நம்பிக்கை: லிஞ்ச் தந்திரக்காரர், எதையும் காரணமில்லாமல் வைக்கமாட்டார்.

படப்பிடிப்பில் நடந்தது வேறு. ஃப்ராங்க் சில்வா அரங்கப் பொருள்களை அடுக்குபவர். அவரைக் கட்டிலோரம் பதுங்கவைத்து, எதற்கென்று முடிவில்லாமலே லிஞ்ச் ஒரு காட்சி எடுத்துவைத்தார். பிறகு வேறொரு காட்சியில், அலறும் தாயின் பின்னிருந்த கண்ணாடியில் சில்வாவின் பிம்பம் தவறிப்போய் விழுந்துவிட்டது. லிஞ்ச் அதை வெட்டவில்லை. தொடரின் மையத் தீமையான ‘பாப்’ பிறந்தது இப்படித்தான். திட்டம் என்று ரசிகர் வாசித்ததில் ஒரு பகுதி தற்செயல். தற்செயலைக் கதையாக்கியது கலைஞனின் தேர்வு.

தொலைக்காட்சி ஆய்வாளர் ஜேசன் மிட்டெல் 2015இல் வெளியிட்ட ‘காம்ப்ளெக்ஸ் டிவி’ நூலில் இத்தகைய ரசிகர்களைத் தடயவியலாளர்களாகப் பார்க்கிறார். பொருத்தமான பார்வை, ஆனால் தடயவியல் அறிக்கை வந்தால் வழக்கு முடியவேண்டும். விமான விபத்தில் தப்பியவர்களின் கதையான ‘லாஸ்ட்’ தொடரில் முடியவில்லை. 2010 மே 23 அன்று வந்த இறுதி அத்தியாயத்தில், நடந்ததெல்லாம் நிஜம்தான் என்று நாயகன் ஜாக்கிடம் அவன் தந்தையே சொல்கிறார். சிலர் உனக்கு முன்னால் இறந்தார்கள், சிலர் வெகுகாலம் கழித்து என்றும் பிரித்துச் சொல்கிறார். அப்படியும் விமான விபத்திலேயே எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்று நம்பியவர்கள் ஏராளம். காரணங்களில் ஒன்று, ஏபிசி நிறுவனம் பெயர்ப்பட்டியலின்போது ஓடவிட்ட படங்கள்: ஆளில்லாக் கடற்கரை, விமானச் சிதைவு. வசனம் ஒன்று சொல்ல, படம் வேறொன்று சொல்லியது, படத்தை நம்பினார்கள்.

ஆக, சண்டை வசனத்தின் பொருளைப் பற்றியது மட்டுமல்ல. பாத்திரம், படம், படைப்பாளி என்ற மூவரில் யாருடைய சாட்சியம் செல்லும் என்பதைப் பற்றியது. 2017இல் திரும்பிவந்த ‘ட்வின் பீக்ஸ்’, இது எந்த வருடம் என்று நாயகன் கூப்பர் குழம்பிக் கேட்பதோடும் ஓர் அலறலோடும் முடிந்தது. கடைசி இரு பாகங்களையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்த்து விடை தேடினார்கள் ரசிகர்கள். லிஞ்ச் எதையும் விளக்காமலே 2025 ஜனவரியில் மறைந்தார்.

எல்லா வாசிப்பும் சமம் என்று இதற்குப் பொருளில்லை. எத்தனை தடயங்களைச் சேர்க்கிறது என்பதைக் கொண்டு ஒரு விளக்கத்தை எடைபோடமுடியாது. தனக்கு ஒத்துவராத காட்சியை என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும். ‘அனைவரும் இறந்தார்கள்’ என்பவர்கள் தந்தையின் பேச்சு முழுவதையும் தூக்கிப்போட்டாகவேண்டும். இரு பாகங்களை ஒன்றாக ஓட்டுபவர்கள் பொருந்தும் இடங்களைக் காட்டிவிட்டுப் பொருந்தாத நிமிடங்களைத் தாண்டிவிடுகிறார்கள். மக்கூகனின் காற்புள்ளி எந்தக் காட்சியையும் ஒதுக்கச் சொல்வதில்லை, அது நிற்கிறது.