சின்னப் பெட்டியின் மின்சாரம்

மினி ஐடிஎக்ஸ் என்னும் சின்ன கம்ப்யூட்டர் கட்டுகிறவர்கள் பிராசசரைப் பற்றியே மணிக்கணக்கில் பேசுவார்கள். என் வியப்பெல்லாம் அதற்குள் வைக்கும் எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய பவர் சப்ளை மீதுதான். 125 மி.மீ. அகலம், 100 மி.மீ. நீளம், 63.5 மி.மீ. உயரம். வழக்கமான ஏடிஎக்ஸ் சப்ளையின் கன அளவில் பாதிகூட இல்லை. கோர்செயர் எஸ்எஃப்750 இதற்குள்ளிருந்து 750 வாட் தருகிறது!

அவ்வளவு வாட் எல்லோருக்கும் வேண்டாம். 65 வாட் பிராசசரும் 200 வாட் கிராபிக்ஸ் கார்டும் என்றால், மற்ற பாகங்களையும் கூட்டிப் பார்த்தால்கூட 450 வாட் போதும். ஆனால் கார்டு கண நேரத்துக்குத் தன் அளவைவிட வெகுவாக அதிகம் இழுக்கும். அதனால் 550, 600 என் தேர்வு. பாதிச் சுமையில் சூடு குறைவு. நல்ல சப்ளைகளில் விசிறி நின்றேகூட இருக்கும். எஸ்எஃப்எக்ஸின் 92 மி.மீ. விசிறி வேகமெடுத்தால் கீச்சிடும், அதுதான் எனக்கு ஆகாது. 120 மி.மீ. விசிறி வேண்டுமென்றால் எஸ்எஃப்எக்ஸ்-எல் உண்டு. நீளம் 130 மி.மீ., எல்லாப் பெட்டியிலும் நுழையாது.

கழற்றி மாட்டும் கேபிள்கள் குட்டையாக இருந்தால் காற்றுக்கு வழி கிடைக்கும். வேறு சப்ளையின் கேபிளை மட்டும் மாட்டாதீர்கள். சப்ளைப் பக்கத்து முனைக்குப் பொதுத் தரம் கிடையாது. பொருந்தினாலும் ஹார்ட் டிஸ்க் கருகலாம்.