வெளியறிவும் உள்ளுழைப்பும்: ‘திறந்த புத்தாக்கம்’ பற்றி ஒரு நோக்கு

தொழில்நுட்பத் துறையிற் புதிதாய்த் தோன்றும் கம்பனிகள் தமக்கு வெளியேயுள்ள அறிவை எவ்வாறு புதிய பொருள்களாக்குகின்றன? இவ்வினாவுக்கு முகாமைத்துவ நூல்கள் பெரும்பாலும் தரும் விடை, ஹென்றி செஸ்பரோ 2003இல் வெளியிட்ட நூலில் ‘திறந்த புத்தாக்கம்’ எனப் பெயரிட்ட கருத்தாகும். ஒரு நிறுவனம் யாவற்றையும் தன் மதில்களுக்குள்ளேயே கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வெளியிலிருந்து பெறலாம், தன்னிடம் பயன்படாது கிடப்பதை வெளியே விடலாம் என்பது அதன் சாரம். அந்நூலின் முதல் இயல் செரொக்ஸ் கம்பனியின் பலோ அல்ட்டோ ஆய்வுகூடத்தைப் பற்றியது. எனவே அவ்வாய்வுகூடத்தின் பெயர்பெற்ற நிகழ்ச்சியொன்றைக் கொண்டே இக்கருத்தை உரைத்துப் பார்க்கலாம்.

1979 டிசெம்பரில் ஸ்டீவ் ஜொப்ஸும் அப்பிள் கம்பனியின் பொறியியலாளர் சிலரும் அங்கு சென்றனர். அப்பிள் தோன்றி மூன்றாண்டுகளே கழிந்திருந்தன. ஏறத்தாழப் பத்து இலட்சம் டொலருக்கு அதன் பங்குகளை வாங்கும் வாய்ப்பைச் செரொக்ஸ் பெற்றிருந்தது. அதற்குப் பிரதியாகவே கதவு திறந்தது. 1973 முதல் அங்கு இயங்கிய அல்ட்டோ கணினியின் சாளரங்களும் சுட்டியும் வந்தவர்களுக்குக் காட்டப்பட்டன. 1983இல் லிசாவும் 1984இல் மக்கின்டொஷும் சந்தைக்கு வந்தன. இதனைத் திருட்டு என்பார் ஒரு சாரார். திறப்பு என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் அறிவைக் கைமாறும் பண்டமாகவே கருதுகின்றனர். நான் வேறுபடுவது இங்கேதான்.

பில் அட்கின்சனின் அனுபவத்தை நோக்குக. ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கும் சாளரங்களுள், பாதி மறைந்த சாளரத்திலும் அல்ட்டோ தொடர்ந்து வரைவதைத் தாம் கண்டதாக அவர் நம்பினார். உண்மையில் அல்ட்டோவுக்கு அது இயலாது. இயலும் என்ற நம்பிக்கையே அவரை உந்த, லிசாவுக்காக அதனைச் செய்து முடித்தார். வெளியிலிருந்து வந்தது இங்கே ஒரு பிழையான காட்சி. அதனை அறிவாக்கியது உள்ளே நிகழ்ந்த உழைப்பு. சுட்டியின் கதையும் ஏறத்தாழ இதுவே. விலை மிகுந்த ஆய்வுகூடச் சாதனத்தை ஒற்றைப் பொத்தானுடைய மலிவான பொருளாக மீள வடிவமைக்க வேண்டியிருந்தது.

வெஸ்லி கோகனும் டானியல் லெவின்தாலும் 1990இல் எழுதிய கட்டுரை இதனை நன்கு விளக்குகிறது. முன்னரே உள்ளறிவு உடைய நிறுவனமே வெளியறிவின் பெறுமதியை இனங்கண்டு தன்வயப்படுத்தும் என்பது அவர்தம் வாதம். அத்திறனை ‘அகத்துறிஞ்சும் ஆற்றல்’ எனலாம். (அகத்துறிஞ்சல் என்ற சொல்லை விஞ்ஞான பீட நண்பரிடம் நான் இரவல் பெற்றேன், இதுவும் வெளியறிவே.) செஸ்பரோ உள்ளாய்வை வேண்டாமென்று ஒதுக்கவில்லை. ஆயினும் அவர் நூலைப் படித்து முடிப்பவர் மனத்தில் மதில்களும் வாயில்களும் நிற்குமளவுக்கு மனிதர் நிற்பதில்லை.

மனிதரோ அங்கு இருந்தனர். அக்காட்சியை நடத்திக்காட்டிய லரி டெஸ்லர் 1980இல் அப்பிளிலேயே சேர்ந்தார்; அறிவு அவரோடு நடந்து சென்றது. மேலும், அப்பிளுக்கு வெளியாயிருந்தது செரொக்ஸ் ஆய்வாளருக்கு உள்ளாயிருந்தது. சுட்டியோ செரொக்ஸுக்கும் வெளியிலிருந்து வந்ததே. டக்ளஸ் எங்கல்பார்ட் ஸ்டான்போர்ட் ஆய்வு நிறுவகத்தில் அதனை உருவாக்கி, 1968இல் சான் பிரான்சிஸ்கோவிற் பலர்முன் இயக்கிக் காட்டினார். அவ்வாய்வுக்கு அமெரிக்க அரசின் பணம், அதாவது பொதுமக்களின் வரிப்பணம், செலவாயிற்று. 1970இற் கிடைத்த காப்புரிமை நிறுவகத்தின் பெயரில் அமைந்தது. எங்கல்பார்ட்டுக்கு உரிமைப்பணம் கிட்டவில்லை. ‘வெளி’ என்னும் ஒரு சொல் இத்தனை பேரின் உழைப்பையும் உரிமையாளரற்ற தரிசு நிலம்போல் ஆக்கிவிடுகிறது.

அப்பிள் 1988இல் மைக்ரோசொப்ட்மீது வழக்குத் தொடுத்தது. 1989இற் செரொக்ஸ் அப்பிள்மீது தொடுத்தது. திறந்த வாயிலால் நுழைந்தவரே வேலி கட்ட முனைந்தமையைத் திறந்த புத்தாக்கக் கோட்பாடு எவ்வாறு விளக்கும்? கொடுக்கல் வாங்கலின் இலாபத்தை அது கணக்கிடுகிறது. கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிப்பவர் யார் என அது கேட்பதில்லை. ஆய்வுகூடத்தைச் சேர்ந்த அடெல் கோல்ட்பேர்க், தம் குழுவினர் உருவாக்கியதை அப்பிளுக்குக் காட்டலாகாதென 1979இல் நெடுநேரம் வாதாடினார். மேலிடம் கட்டளையிட்ட பின்னரே காட்சி நடைபெற்றது.